அதே குவார்ட்டர், வேறு உடம்பு

பகல் 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் தூக்கும் முன்பே காத்து நிற்பவர்களில் நரைத்த தலைகளும் உண்டு. சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரை அட்டை. கையில் கசங்கிய நோட்டு. முதியோர் உதவித்தொகையே மாதம் 1,200 ரூபாய்தான்.

வயதாக ஆக உடம்பில் நீர்ச்சத்து குறைகிறது. அதனால் நாற்பதில் தாங்கிய 180 மில்லி எழுபதில் தாங்காது. சர்க்கரை திடீரென இறங்கும், கால் தடுமாறும், இடுப்பெலும்பு முறியும். கிளப்பில் குடிக்கும் ஓய்வுபெற்ற அதிகாரியும் விழலாம்தான். அவருக்குக் காரும் காப்பீடும் உண்டு. வெறும் வயிற்றில் குடிக்கும் கூலிக்காரருக்கு? அதே அளவு குடித்தாலும் ஏழைக்கே சேதம் அதிகம் என்று பிரிட்டன் ஆய்வுகளும் காட்டியுள்ளன.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அத்திட்டத்தின் ஊழியர்கள் பெரியவர்களின் குடிப்பழக்கத்தையும் பக்குவமாக விசாரித்து, விட நினைப்பவரைச் சிகிச்சைக்கு அனுப்ப அரசு வழிசெய்ய வேண்டும்.