கடமை என்பது கீழ்ப்படிதல் மட்டுமா?

உரிமை, உரிமை என்று முழங்குவோர் கடமையை மறந்துவிடுகின்றனர். அரசு இட்டதைத் தலைமேற் கொள்வதே நல்ல குடிமகனின் இலக்கணம் என்று நம்மவருள் சிலர் மேடைதோறும் பேசி வருகின்றனர். நாட்டிடம் கேட்பதினும் நாட்டுக்குச் செய்வதே மேல் என்ற பொருளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1961இல் பேசியதை அவர்கள் சான்றாகவும் காட்டுகின்றனர். அந்நாட்டு வரலாற்றை ஊன்றிப் படித்தால் அச்சான்று அவர்களுக்கே எதிராகத் திரும்பும் என்பது நம் துணிபு.

1787இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்தோர், ஆட்சியாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. சட்டம் இயற்றுதல் காங்கிரசுக்கு, அதனைச் செயற்படுத்துதல் குடியரசுத் தலைவருக்கு, நீதி வழங்குதல் நீதிமன்றத்துக்கு என்று அதிகாரத்தைப் பகிர்ந்து, ஒன்றை மற்றொன்று தடுக்கவும் வழி செய்தனர். அரசுப் பதவிக்கு மதத்தைத் தகுதியாகக் கோரலாகாது என்றும் விதித்தனர். 1791இல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன. மதம், பேச்சு, ஏடு, கூட்டம் ஆகியவற்றின் சுதந்திரத்தில் காங்கிரஸ் கைவைக்கலாகாது என்பது அவற்றுள் முதலாவது. கீழ்ப்படிதலே குடிமகனின் முழுக் கடமையாயின், இத்தனை வேலிகள் எதற்கு?

வேலியே பயிரை மேய்ந்த காலமும் அங்கு உண்டு. 1942இல், போரைக் காரணங்காட்டி ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையால், ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சத்தவர் வீடுவாசல் இழந்து முகாம்களில் அடைபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். பிரெட் கொரமாட்சு என்னும் இளைஞர் பணிய மறுத்து வழக்காடினார். 1944இல் உச்சநீதிமன்றமே அவரைக் கைவிட்டது. அவர்மீதான தண்டனை 1983இல் நீக்கப்பட்டது. 1988இல் காங்கிரஸ் சட்டம் இயற்றி மன்னிப்புக் கோரியது. 2018இல் உச்சநீதிமன்றமும் தன் பழைய தீர்ப்பைப் பெரும்பிழை என்றது. ஆனால் அதை ஒப்புக்கொண்ட அதே தீர்ப்பில்தான், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஐந்து நாடுகள் உள்ளிட்ட சில நாட்டவர்க்கு டிரம்ப் விதித்த பயணத் தடையை, 5க்கு 4 என்ற கணக்கில் அது செல்லுபடியாக்கியது! அத்தடை 2021இல் விலக்கப்பட்டது. எழுதி வைத்த சட்டம் தானே விழித்திருந்து காவல் காப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

முஹம்மது அலியை அறியாத முஸ்லிம் இல்லம் நம்மிடையே அரிது. வியத்நாம் போர்க்காலத்தில், 1967இல், மார்க்க நம்பிக்கையைக் காட்டிப் படையில் சேர மறுத்தார் அவர். பட்டம் பறிபோயிற்று. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் அவர் சிறை புகவில்லை எனினும், மூன்றாண்டுகளுக்கு மேலாகக் குத்துச்சண்டை மேடை ஏற இயலவில்லை. கடமை தவறியவர் என்று ஏசினோர் பலர். 1971இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அத்தண்டனையை நீக்கியது.

இவ்விருவரும் கடமை மறந்தவரா? வரி செலுத்துவதும், அழைத்தால் ஜூரியாக அமர்வதும் அங்குக் கடமைகளே, நாம் மறுக்கவில்லை. ஆனால் அதிகாரம் வரம்பு மீறும்போது, நீதிமன்றத்தில் நின்று சட்டத்தின் வழியிலேயே அதனைத் தடுக்க முனைவதும் கடமையே.

அரபியில் 'ஹக்கு' என்னும் ஒரு சொல்லே இரண்டையும் குறிக்கும். ஒருவனுக்கு உரியது 'ஹக்குன் லஹு'. அவன் செலுத்த வேண்டியது 'ஹக்குன் அலைஹி'. தனக்கு வரவேண்டிய கடனை ஒருவன் மன்னித்துவிடலாம். பிறருடைய ஹக்கை விட்டுக்கொடுக்க அவனுக்கு ஏது அதிகாரம்? வழிபாட்டுரிமையும் பேச்சுரிமையும் தனியொருவன் சொத்தல்ல. அண்டை வீட்டாருக்கும் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் உரிய அமானிதம். அவை பறிபோகும்போது வாய்மூடி இருப்பவன், பிறர் சொத்தைத் தாரை வார்ப்பவன் ஆகின்றான்.

கொடுங்கோலன் முன் உண்மை உரைப்பதன் சிறப்பை மிம்பரில் கேட்டுத் தலையசைக்கின்றோம். வீடு திரும்பியதும் பிள்ளைகளுக்குப் பணிவை மட்டுமே கற்பிக்கின்றோம். இது முறையா? உரிமைக்காக நிற்பவனைக் கடமை மறந்தவன் என்று இகழ்வதை இனியேனும் நிறுத்துவோம். அவன் நம் ஹக்கையும் சேர்த்தே சுமக்கின்றான்.