புது வண்டியும் ஐந்நூறு கிலோமீட்டரும்

சென்ற மாதம் வியாசர்பாடியில் நம் தெருவுக்கு ஒரு புது என்பீல்டு வந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை மூன்று வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. எலுமிச்சம்பழம் நசுங்கியதுதான் தாமதம், எண்ணூர் வரை ஒரே பறப்பாய்ப் பறந்து வரத் துடித்தான். நாம் குறுக்கே நின்றோம். வாலிபத்தில் நாமும் அப்படிப் பறந்து, பிஸ்டன் இறுகி, மீஞ்சூரிலிருந்து வண்டியைத் தள்ளி வந்தவர்தாமே!

புதுச் சிலிண்டரின் சுவர் கண்ணுக்குத்தான் வழவழப்பு. உண்மையில் நுண்ணிய மேடுபள்ளம். பிஸ்டன் வளையங்கள் அதில் உராய்ந்தே பொருந்த வேண்டும். அதற்குமுன் விரட்டினால் சூட்டில் பிஸ்டன் பருத்துச் சிக்கிக்கொள்ளும். ஆமை நடையும் ஆகாது. அழுத்தம் போதாமல் வளையம் பொருந்தாது, பின்னாளில் வண்டி எண்ணெய் குடிக்கும். வேகத்தை மிதமாக ஏற்றியும் இறக்கியும் ஓட்டுவதே முறை. தேய்ந்த உலோகத்தூள் முதல் எண்ணெயில் கலந்திருக்குமாதலால், 500 கிலோமீட்டரில் அதை வடித்து மாற்றவேண்டும். சங்கிலியின் தளர்ச்சியையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பொறுமை இவ்வண்டியின் குலத்துக்கே உரியதுபோலும். 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியின் கூட்டுறவோடு என்பீல்டு இந்தியா ஏற்பட்டு, நமக்கு அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய்க் கம்பெனி 1970-இல் உற்பத்தியை நிறுத்திப் பின் மறைந்தது. இங்கே பிள்ளை நிலைத்தது.

நேற்று மாலை பையன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "212 ஆயிற்று, ஸார். இன்னும் 288" என்றான், சற்றே முகத்தைச் சுளித்துக்கொண்டு.