மலேசியாவுக்கு விசா இல்லாப் பயணம்: டிசம்பர் 31-க்குப் பிறகு என்ன ஆகும்?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா எடுக்காமலேயே மலேசியாவுக்குப் போய் 30 நாட்கள் வரை தங்கலாம். இந்தச் சலுகைக்கு அறிவிக்கப்பட்ட கெடு 2026 டிசம்பர் 31. பொங்கல் விடுமுறைக்கோ, பத்துமலை தைப்பூசத்துக்கோ 2027 ஜனவரியில் கோலாலம்பூர் போக நினைப்பவர்களுக்கு இந்தத் தேதி ரொம்பவே முக்கியம். டிக்கெட்டை பல மாதங்களுக்கு முன்பே போட்டுவிடலாம். விசா வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும் கடைசி நேரத்தில்தான் தெரியவரலாம்.

சலுகை எப்படி வந்தது?

2023 நவம்பரில் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் இதை அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் விசா விலக்கு அமலுக்கு வந்தது. முதல் கெடு 2024 டிசம்பர் 31. அதே டிசம்பரில்தான் நீட்டிப்பு அறிவிப்பும் வந்தது. ஆசியான் அமைப்புக்கு 2025-ல் தலைமை ஏற்பதும், 2026-ஐ சுற்றுலா ஆண்டாகக் கொண்டாடுவதும் நீட்டிப்புக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கவனித்தால், அந்த இரண்டு காரணங்களும் 2026-உடன் முடிந்துவிடுகின்றன.

சீனாவின் நிலை வேறு. மலேசியாவும் சீனாவும் ஒப்பந்தம் போட்டு, 2025 ஜூலை 17 முதல் 5 ஆண்டுகளுக்குப் பரஸ்பர விசா விலக்கு கொடுத்திருக்கின்றன. இந்தியர்களுக்கு இருப்பது மலேசியா தன் பக்கமிருந்து தந்த சலுகை. நீட்டிப்பதற்குத்தான் புதிய முடிவு தேவை. யாரும் முடிவெடுக்காமல் விட்டாலே அது தானாகக் காலாவதி ஆகிவிடும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

தாய்லாந்து: 2023 நவம்பர் 10-ல் இந்தியர்களுக்கு விசா விலக்கு தொடங்கியது. கெடு 2024 மே 10. அது முடியும் முன்பே நவம்பர் 11 வரை நீட்டித்தார்கள். பயணிகளுக்குச் சிக்கல் வரவில்லை.

ஈரான்: 2024 பிப்ரவரியில் தந்த சலுகையை 2025 நவம்பர் 22 முதல் நிறுத்திவிட்டது. வேலை வாங்கித் தருவதாக ஆசைகாட்டி அழைத்துப்போய், இந்தியர்களைக் கடத்திப் பணம் கேட்ட சம்பவங்கள்தான் காரணம். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் எச்சரிக்கை வந்து ஒரு வாரத்துக்குள் விதி மாறிவிட்டது.

அமெரிக்கா: விசா இல்லாமல் வருவதற்கான அமெரிக்காவின் திட்டம் 1988-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 2000 ஏப்ரல் 30-ல் அதன் சட்ட ஆயுள் முடிந்தது. நாடாளுமன்றம் நீட்டிப்பை அதற்குள் நிறைவேற்றவில்லை. 29 நாட்டுப் பயணிகளையும் திடீரென விசா வரிசையில் நிறுத்தினால் தூதரகங்கள் திணறிப்போகும். அதனால் குடிவரவுத் துறை, ‘பரோல்’ என்ற சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவர்களை உள்ளே அனுமதித்தது. இப்படியே 6 மாதம் ஓடியது. அக்டோபர் 30-ல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட பிறகுதான் திட்டம் நிரந்தரமானது.

ஆக, கெடு தாண்டினால் அரசு ஏதாவது இடைக்கால வழி செய்யலாம். செய்யாமலும் போகலாம். அதை நம்பி டிக்கெட் போடுவது ரிஸ்க்.

நஷ்டம் யாருக்கு?

பிரச்சினை கோலாலம்பூரில் இறங்கிய பிறகு வருவதில்லை. சென்னையிலோ திருச்சியிலோ செக்-இன் கவுன்டரிலேயே வந்துவிடும். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச்சென்றால், அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் விதியில் உள்ளபடி விசா இல்லை என்றால் ஏற்ற மாட்டார்கள். ஆவணம் இல்லாததால் பயணம் தடைபட்டால் டிக்கெட், ஹோட்டல் செலவு பெரும்பாலும் பயணியின் நஷ்டம்தான். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

எந்தத் தேதி கணக்கு?

டிக்கெட் எடுத்த தேதியை யாரும் பார்ப்பதில்லை. அந்த நாட்டுக்குள் நுழையும் தேதியில் என்ன விதி இருக்கிறதோ, அதுதான் பொருந்தும். “நான் போன ஜூனிலேயே புக் பண்ணிட்டேன்” என்று கவுன்டரில் சொல்லிப் பயனில்லை. டிசம்பர் கடைசியில் போய் ஜனவரியில் திரும்புபவர்களுக்குப் பொதுவாகச் சிக்கல் இருக்காது. நுழையும்போது எத்தனை நாள் அனுமதி தருகிறார்களோ, அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

இப்போதே என்ன செய்யலாம்?

• ஜனவரிப் பயணம் என்றால், தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ முடிகிற டிக்கெட்டையும் ஹோட்டலையும் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும் பரவாயில்லை.

• டிசம்பர் தொடக்கம் வரை நீட்டிப்பு அறிவிப்பு வரவில்லை என்றால் இ-விசாவுக்கான ஏற்பாட்டைத் தொடங்குங்கள். மலேசிய குடிவரவுத் துறை இணையதளத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

• பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் ஆயுள் இருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிட விவரம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.

• விசா இல்லை என்றாலும் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இதை ஆன்லைனில் முடிக்கலாம்.

• ‘நீட்டிச்சாச்சு’ என்று வரும் வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாதீர்கள். மலேசிய குடிவரவுத் துறை, மலேசியத் தூதரகம், விமான நிறுவனம் ஆகியவற்றின் தளங்களில் பாருங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் இன்னொரு முறையும் சரிபார்த்துவிடுங்கள்.