ஒரு வெள்ளி வைத்தியம்

பினாங்கு இன்று ஆஸ்பத்திரிகளின் ஊராகிவிட்டது. மேடானில் விமானம் ஏறி வந்து, வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பும் இந்தோனேசியர்களை ஜார்ஜ் டவுனில் எந்த நாளும் காணலாம்.

இது நேற்று முளைத்ததல்ல. ரெசிடென்சி சாலையிலுள்ள அரசாங்கப் பெரியாஸ்பத்திரி 1882-இல் தொடங்கியது. மறு ஆண்டே சீனர்கள் ஏழைகளுக்குத் தங்கள் நாட்டு மருந்து கொடுக்க அமைத்த தர்ம நிலையந்தான் இன்றைய லாம் வா ஈ மருத்துவமனை. (நாமும் கோயில் கட்டச் சேர்த்தோம், ஆஸ்பத்திரிக்கு ஏன் சேர்க்கவில்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.) 1924-இல் சிறிய கிளினிக்காகப் பிறந்தது அட்வென்டிஸ்ட் மருத்துவமனை. 1976-இல் கன்னியாஸ்திரீகள் புற்றுநோயாளிகளுக்கென்று மவுண்ட் மிரியத்தைத் திறந்தார்கள். அதன்பின் எழுந்த தனியார் கட்டடங்களுக்குக் கணக்கில்லை.

இதே காலத்தில் நம் பக்கம் நடந்தது வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் போயின. காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவம் எல்லாவற்றுக்கும் லயத்துக் கதவைத் தட்டினால் வந்த டிரஸ்ஸர் இப்போது பல இடங்களில் இல்லை. அவர் மருந்தைக் கேலி செய்தோம்; ஆனால் ஆபத்தை முதலில் கண்டு, 'உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போ' என்று விரட்டியவர் அவர்தான்.

விரட்ட ஆளில்லாததால் என்ன ஆகிறது? என்னிடம் படித்த ஒரு பையனின் தகப்பனாருக்கு இனிப்பு நீர். செம்பனை முள் குத்திய காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியே இரண்டு மாதம் ஓட்டினார். பினாங்கு என்றாலே ஆயிரக்கணக்கில் செலவாகும் என்ற பயம். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். காலைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தப் பயம் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் பொருந்தும். குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் சாதாரண வைத்தியம் ஒரு வெள்ளி. அங்குள்ள டாக்டர் கடிதம் கொடுத்தால் பெரியாஸ்பத்திரி நிபுணரையும் பார்க்கலாம். அதற்குப் பின் ஒவ்வொரு முறைக்கும் ஐந்து வெள்ளி. காத்திருக்க வேண்டும், அது உண்மை. பாதி நாள் நாற்காலியிலேயே போய்விடும். அன்றையச் சம்பளமும் போகும். அதற்காகக் காலை இழக்க முடியுமா?

2019-இல் வந்த பெக்கா பி40 திட்டத்தையும் கேட்டு வையுங்கள். எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுகிறவரும் அவர் துணையும் 40 வயதைத் தாண்டியிருந்தால் இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சையை இடையில் விடாமல் முடிப்பவருக்கு 1,000 வெள்ளி வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் உண்டு. பஸ் காசுக்காக வைத்தியத்தை நிறுத்தியவர்களை நான் அறிவேன்.

போகும்போது அடையாள அட்டையையும், வீட்டில் சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். மலாய் தடுமாறுகிறதா? பள்ளிக்கூடம் போகும் மகளைக் கூட்டிப் போங்கள். அன்றைக்கு அவள் வராவிட்டால் வாத்தியார் கோபிக்கமாட்டார்.