ஸ்கோப்பை கழட்டுங்க பாஸ்!

பேப்பர்ல 'நாட்டுத் துப்பாக்கி'ன்னு படிப்போமே, அந்த டைப்தான் மஸில்லோடர். குழாய் வாய் வழியா மருந்தைக் கொட்டி, குண்டை வெச்சு, கம்பியால இடிச்சு இறக்கணும். ஒரு தடவை சுட்டா, மறுபடி முதல்லேருந்து! அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல இதுக்குன்னே தனி மான் வேட்டை சீஸன் உண்டு. கஷ்டமான ஆயுதம், கிட்டப் போய்த்தான் சுடணும்ங்கிறதால கிடைச்ச சலுகை.

அதுமேல பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பை மாட்டலாம்னு யூட்டா மாநிலம் 2016-ல் ஓகே சொன்னது. 2024 சீஸன்ல அதே மாநிலமே தடை போட்டது. நியூ மெக்ஸிகோ 2023-லயே முந்திக்கிச்சு. தூரத்துலேருந்தே மான் விழுந்தா, அடுத்த வருஷம் பெர்மிட்டைக் குறைக்கணுமே!

'தெளிவா தெரிஞ்சாதான் மான் அரைகுறையா அடிபடாது'ங்கிறாங்க எதிர்த் தரப்பு. பாதி கரெக்ட். ஆனா, மஸில்லோடர் குண்டு ரைஃபிள் குண்டைவிட ஸ்லோ. தூரம் போகப் போக மடமடன்னு கீழே இறங்கும். ஸ்கோப் கண்ணைத்தான் கிட்டக் கொண்டுபோகும், குண்டை இல்லை!

எனக்கு உறுத்துறது வேற. சாதா சைட்ல பின் சைட், முன் சைட், மான்னு மூணும் ஒரே நேர்கோட்டுல வரணும். கண்ணால ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் ஃபோகஸ் பண்ண முடியும். இருபது வயசுல சமாளிச்சுடலாம். அறுபதுல? ரெட் டாட் சைட் எதையும் பெரிதாக்காது. சிவப்புப் புள்ளி மானோட தூரத்துலயே இருக்கிற மாதிரி தெரியும், அவ்வளவுதான். அதை அனுமதிச்சா என்னவாம்? கொலராடோவுல மஸில்லோடர் சீஸன்ல பேட்டரி போட்ட சைட்டுக்கே நோ என்ட்ரி. அது கொஞ்சம் ஓவர்!