"கூகுள்ல போட்டிருக்கு சார்"



இப்போதெல்லாம் எந்தப் பேச்சையும் முடித்துவைக்க ஒரே ஒரு வாக்கியம் போதும் என்றாகிவிட்டது. "கூகுள்ல போட்டிருக்கு சார்." முட்டை விலையோ, முட்டிவலியோ, வாரிசுச் சான்றிதழோ, இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கூகுள் எதையும் போடுவதில்லை. யாரோ போட்டதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த "யாரோ" கடைக்காரரா, விஞ்ஞானியா, மோசடிக்காரரா என்பதை முக்கால்வாசி நாம் தட்டும் சொல்லே முடிவு செய்துவிடுகிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் பக்கம் இதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். ஜவ்வரிசி ஆலைகள் ஓடுவதே இந்தக் கிழங்கை வைத்துத்தான். பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: செடியின் நுனி கொத்துக் கொத்தாகச் சுருண்டுகொண்டு, வெள்ளை வெள்ளையாக மாவு அப்பியதுபோல் இருக்கிறது, நெட்டில் தேடியும் ஒன்றும் உருப்படியாக வரவில்லை என்றார். என்ன போட்டுத் தேடினாய் என்றேன். "குச்சிக்கிழங்கு செடி வெள்ளை பூச்சி மருந்து" என்று போட்டாராம்.

கேள்வியில் தப்பே இல்லை. நேரில் கேட்டால் யாருக்கும் புரியும். ஆனால் தேடுபொறி ஒரு தடித்த புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. உலகத்துப் பக்கங்களை எல்லாம் முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கிறது. பிறகு எந்தப் பக்கத்தை மற்றவர்கள் அதிகம் சுட்டுகிறார்கள் என்பது போன்ற கணக்குகளைப் போட்டு வரிசைப்படுத்துகிறது. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த புதுமை இந்தச் சுட்டல் கணக்குத்தான். இப்போது பொருளறிந்தும் ஓரளவு தேடுகிறது. ஆங்கிலத்தில் அது நன்றாகவே நடக்கிறது. தமிழில், அதுவும் நம் வட்டாரத் தமிழில், அவ்வளவு நம்ப முடியாது.

ஆக அந்தத் தேடலில் ஒவ்வொரு சொல்லும் அவரை ஒரு தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. "குச்சிக்கிழங்கு" என்றதும் சிப்ஸும் கூட்டுப்பொரியலும் வந்து நின்றன. விஞ்ஞானிகள் எழுதுவது "மரவள்ளி" என்று. "வெள்ளை பூச்சி" என்றதும் வெள்ளை ஈ வந்தது. அது மரவள்ளியில் தேமல் நோயைப் பரப்புகிற வேறொரு பூச்சி. "மருந்து" என்ற சொல்தான் எல்லாவற்றிலும் மோசம். அதைச் சேர்த்துவிட்டால் மருந்து விற்பவர்தான் பதில் சொல்வார். அவர் வேலை அது. வேளாண் பல்கலைக்கழகத்தார் தங்கள் பக்கங்களில் "மேலாண்மை", "கட்டுப்பாடு" என்று எழுதுவார்கள். "மரவள்ளி மாவுப்பூச்சி மேலாண்மை" என்று மாற்றித் தேடினோம். பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் பக்கம் வந்தது.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெரிய பொறி இனிமேல்தான். மரவள்ளியில் மாவுப்பூச்சி என்று நம் ஊரில் இரண்டு கதைகள் இருக்கின்றன. முதலாவது, 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள், பூச்சி அடங்கியது. இரண்டாவது, 2020-இல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டு நம் மாவட்டங்களுக்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி. இதற்கு அந்தப் பழைய குளவி உதவாது. இதன் எதிரி வேறொரு குளவி. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022 மார்ச்சில் வயலில் விட்டார்கள். எங்கே தெரியுமா? நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்தான்.

இரண்டு பூச்சிக்கும் மேலே வெள்ளை மாவுதான். உள்ளே பழையது மஞ்சள், புதியது இளஞ்சிவப்பு. போட்டோ எடுத்து லென்ஸில் போட்டாலும் வித்தியாசம் சுலபமாகப் பிடிபடாது. இணையத்திலோ பழைய கதைக்குப் பத்து ஆண்டு மூப்பு அதிகம். அதைப் பற்றிய பக்கங்களும் அதிகம், அவற்றைச் சுட்டியவர்களும் அதிகம். அதனால் 2010-இன் பதில் இன்றைய பதிலைப் போல மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். தேதி பார்க்காதவர் வேறு பூச்சிக்கான வைத்தியத்தைப் படித்துக்கொண்டிருப்பார். அல்லது கண்ட மருந்தை வாங்கி அடித்து, வயலுக்கு வந்து சேர்ந்த குளவியையும் சேர்த்துக் கொல்வார்.

இதற்கு வழி இருக்கிறது. தேடல் பக்கத்தில் "டூல்ஸ்" என்பதைத் தொட்டால் எந்தக் காலத்துப் பக்கங்கள் வேண்டும் என்று வரையறுக்கலாம். பூச்சியின் அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டால் இன்னும் துல்லியம்; புதியதன் பெயர் ஃபெனகாக்கஸ் மேனிஹோட்டி. அப்படித் தேடினால் தெரியவரும், இது தென் அமெரிக்காவில் பிறந்த பூச்சி. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஏழைகளின் சோற்றில் கைவைத்தது. 1981-இல் பராகுவேயில் இந்தக் குளவியைக் கண்டுபிடித்து ஆப்பிரிக்கா முழுக்க விட்டார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நாமகிரிப்பேட்டைக் காட்டில் சுருண்ட ஒரு இலைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு ஒரு சுருக்கம் எழுதிக் காட்டுகிறது. நிறையப் பேர் அதைப் படித்ததோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். நடை சரளமாக இருக்கும். அதுதான் எனக்குக் கவலை. 2010-இன் குளவியையும் 2020-இன் பூச்சியையும் ஒரே பத்தியில் கலந்து கொடுத்தால் படிப்பவருக்கு எங்கே தெரியப்போகிறது? பக்கத்தில் மூலத்தின் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து, எழுதியவர் யார், எந்த ஆண்டு என்று பாருங்கள். சுருக்கமே வேண்டாமென்றால் "வெப்" என்ற பிரிவைத் தொடுங்கள், வெறும் இணைப்புகள் வரும்.

"விவசாயி ஏன் தன் சொல்லை மாற்ற வேண்டும், இயந்திரம் கற்றுக்கொள்ளட்டும்" என்று என் தம்பி மகன் வாதாடினான். பாதி நியாயம். ஆனால் இயந்திரம் எதிலிருந்து கற்கும்? நாம் எழுதியதிலிருந்துதானே. பல்கலைக்கழகத்தார் ஒவ்வொரு பயிர்ப் பக்கத்திலும் "குச்சிக்கிழங்கு, குச்சிவள்ளி" என்று ஊர்ப்பெயர்களை ஒரே ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு பேருக்குப் பயன்படும்! அரசு ஆவணங்களிலும் இதே கோளாறு. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் தனித்தனி எழுத்துருவில் அடித்தவையும், காகிதத்தை அப்படியே படமாக ஏற்றியவையும் தேடலில் சரியாகச் சிக்குவதில்லை. தேடிக் கிடைக்கவில்லை என்றால் அப்படி ஒரு ஆணையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தமிழில் தேடும்போது வேற்றுமை உருபைக் கழற்றிவிடுங்கள். "நாமக்கல்லில் முட்டையின் விலை என்ன" என்பதைவிட "நாமக்கல் முட்டை விலை" என்று போட்டு இன்றைய தேதியும் சேர்த்தால் போதும். வருவது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலை. அதைக் காட்டி மளிகைக் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்!

பட்டா, சிட்டா, சான்றிதழ் என்று தேடுகிறவர்கள் "ஸ்பான்சர்ட்" என்று போட்டிருப்பதைத் தாண்டி வாருங்கள். அது காசு கொடுத்து வாங்கிய இடம். முகவரி "ஜிஓவி டாட் இன்" அல்லது "என்ஐசி டாட் இன்" என்று முடிகிறதா பாருங்கள். "சைட்" என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் அந்த முடிவைச் சேர்த்துத் தேடினால் அரசுத் தளங்கள் மட்டும் வரும்.

ஒன்றை மட்டும் தேடவே தேடாதீர்கள், குறிப்பாக என் வயதுக்காரர்கள். வங்கி, கேஸ், கூரியர் எதுவானாலும் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம். மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள். 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டிலேயே இது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நாமே கூப்பிடுவதால் சந்தேகமும் வருவதில்லை. ஓடிபியை நாமே வாசித்துக் காட்டுகிறோம். எண் வேண்டுமென்றால் பாஸ்புக்கில், ஏடிஎம் கார்டின் பின்பக்கம், கேஸ் ரசீதில் இருக்கிறது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

நான் ஒரு நோட்டில் ஊர்ச்சொல்லை ஒரு பக்கமும் அதற்கான புத்தகச் சொல்லை மறுபக்கமும் எழுதிவருகிறேன். பயிர், பூச்சி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும் நோய்கள் என்று இதுவரை நாற்பது சொற்கள் சேர்ந்திருக்கின்றன. கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களும், கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் தங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். எந்த ஊர் வழக்கு என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். திருச்செங்கோட்டில் ஒன்று சொன்னால் ஆத்தூரில் வேறொன்று சொல்கிறார்கள்.