மலைப்பாதையில் கார் எதற்கு?

நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, சனி ஞாயிறுகளில் 6,000. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் முடியும் வரை நாளொன்றுக்கு இதற்கு மேல் வெளியூர் வண்டிகளை மலையேற விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இ-பாஸ் இல்லாதவர்களைச் சோதனைச்சாவடியில் நிறுத்துகிறார்கள். நீலகிரி வணிகர்கள் கடையடைத்துப் பார்த்துவிட்டார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர்களோ மலை தப்பித்தது என்கிறார்கள். இரு தரப்பும் 6,000 என்ற எண்ணைப் பிடித்து இழுக்கின்றனவே தவிர, எண்ணப்படுவது ஏன் வண்டியாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கக் காணோம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது. ஆய்வு முடியும் முன்பே எண் வந்துவிட்டது. சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கு 2024இல் நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகள் அதிர்ந்தார்கள். அந்த அதிர்ச்சி நியாயமானது. ஆனால் அதிர்ச்சியில் பிறந்த எண்ணைக் கொள்கை என்று ஏற்க முடியாது.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். ஒரு காரில் நான்கு பேர் என்றால் 6,000 கார்களில் 24,000 பேர். ஒரு கார் நான்கு மீட்டர், முன்னும் பின்னும் விடும் இடைவெளி ஒரு மீட்டர். வரிசையாக நிறுத்தினால் 30 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே ஊட்டி வரைக்கும் உள்ள பாதையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அதாவது, நீதிமன்றம் அனுமதித்த அளவே அந்தப் பாதையில் பாதிக்கு மேல் அடைத்துவிடும். இதே 24,000 பேரைப் பேருந்தில் ஏற்றுங்கள். பேருந்துக்கு 50 பேர் என்றால் 480 நடை. ஒரு பேருந்து நாளைக்கு இரண்டு நடை மேலே போனால் 240 பேருந்துகள் போதும். அவை அத்தனையும் வரிசையாக நிற்க 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இடம் வேண்டும். முப்பது எங்கே, மூன்று எங்கே! இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு இ-பாஸ் விவாதம் முழுவதையும் முடித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

இதில் கவனிக்க வேண்டியது, அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது என்று உத்தரவே சொல்கிறது. கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அரசு அந்தக் கதவு வழியே நுழையவில்லை. சீசன் சிறப்புப் பேருந்துகள் சிலவற்றை விட்டுவிட்டு, ஊட்டிக்குள் சுற்றுப் பேருந்துகளை ஓட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று இருக்கிறது. இணையதளத்தில் பாஸ் கொடுப்பதற்குச் செலவில்லை. பேருந்து வாங்குவதற்குச் செலவாகும். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு எண்ணைச் சொல்கிறேன். நீலகிரியைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்வதுண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் 7,62,141 பேர் இருந்தார்கள். 2011இல் 7,35,394 பேர். பத்து ஆண்டுகளில் 26,747 பேர் குறைந்துவிட்டார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. மாநிலத்தில் மக்கள் குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரி. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியவில்லை. படித்த பிள்ளை கோவைக்குப் போகிறான், படிக்காத பிள்ளை திருப்பூருக்குப் போகிறான். ஆதார விலை கேட்டுச் சிறு தேயிலை விவசாயிகள் 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பக்கம் நாள்கணக்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தச் செய்தியை உங்களில் எத்தனை பேர் படித்தீர்கள்? இருக்கிறவர்கள் இறங்கிப் போகிறார்கள், இல்லாதவர்கள் காரில் ஏறி வருகிறார்கள். சாவடியில் எண்ணுகிறவர்கள் இறங்குகிறவர்களையும் ஒரு நாள் எண்ணிப் பார்க்கட்டும்.

மலைச் செய்தி கீழே வந்து சேரும் விதமே இப்படித்தான். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. நாடே பேசியது, பேச வேண்டியதுதான். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியது. தாம்பரத்து மழையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சென்னையில் ஓராண்டில் பெய்யும் சராசரி மழையில் பாதிக்கு மேல் அங்கே ஒரு நாளில் விழுந்தது. கரைந்த சரிவுகள் எவை, மூழ்கிய தோட்டங்கள் எவை என்று கீழே யாருக்கும் நினைவில்லை. சென்னையில் கோடிப் பேர் இருக்கிறார்கள், அவலாஞ்சியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தண்ணீர் பவானியில் இறங்கிப் பவானிசாகருக்கு வந்து ஈரோட்டு வயல்களில் பாய்கிறது என்பதை அவர்களுக்குச் சொன்னால் போதும். 1932இல் பைகாராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து கோவையின் ஆலைகள் அந்த மலையின் தண்ணீரில்தான் வளர்ந்தன.

மலையிலிருந்து நம் பத்திரிகைகளுக்கும் கைபேசிகளுக்கும் வருவது மூன்று வகைச் சரக்கு. மண் சரிந்தால், யானை மிதித்தால் செய்தி. பழங்குடிகளைப் பற்றி ஒரு கதை. மற்றதெல்லாம் ‘யாரும் அறியாத பத்து இடங்கள்’. இந்த மூன்றில் மூன்றாவதுதான் இன்றைக்கு மலையை ஆள்கிறது. எங்கோ ஒரு ஹட்டிக்கு, அதாவது படகர் ஊருக்கு, பக்கத்தில் இருக்கும் சின்ன அருவியை ஒருவர் படமெடுத்துப் போடுகிறார். அடுத்த சனிக்கிழமை அந்த ஊரின் ஒற்றை வழிச் சாலையில் நாற்பது கார்கள். தேயிலை மூட்டை ஏற்றிய ஜீப் பின்னால் நிற்கிறது. பள்ளி வேன் நிற்கிறது. திருப்ப இடமில்லாமல் ஒருவர் தோட்டத்துக்குள் சக்கரத்தை இறக்குகிறார். இருபது வயதுத் தேயிலைச் செடி நான்கு நசுங்குகிறது. கீழே குப்பியும் தட்டும் கிடக்கின்றன. பிளாஸ்டிக் தண்ணீர்க் குப்பிக்குத் தடை போட்டு, வழியெங்கும் தண்ணீர் பிடிக்கக் கருவி வைத்திருக்கும் மாவட்டத்தில் இது நடக்கிறது. அந்த ஊரில் இருப்பவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தப் பத்து இடக்காரர்கள் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதியிலிருந்து யானை மேல் எரியும் டயரை வீசினார்கள். காது பற்றி எரிய ஓடிய அந்த விலங்கின் படத்தை நாடே பார்த்தது. யானை செத்தது. காட்டை ஒட்டித் தங்கலாம், அறையிலிருந்தே யானை பார்க்கலாம் என்று ஆசை காட்டி விற்ற வியாபாரம் வேறு எங்கே போய் முடியும்? அந்தப் பகுதியின் சேகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020இல்தான் உறுதிசெய்திருந்தது. யானைக்கு ஒரு வழி, அதற்குக் குறுக்கே ஒரு விடுதி. விருந்தினருக்குக் காரில் வந்திறங்கும் வசதி இல்லையென்றால் அந்த விடுதிகளில் பாதி முளைத்தே இருக்காது.

கதைகளுக்கு வருகிறேன். மலையின் கதைகளைச் சுற்றுலாக் கையேட்டில் ஒரு பெட்டிக்குள் போட்டு, தோடர் குடில் படம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம். அந்தக் கதைகளைப் பொறுமையாகக் கேட்டவர்கள் குறைவு. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலில் ஒரு கதை இருக்கிறது. ஓன் என்ற தெய்வமும் அவன் மனைவியும் குந்தா மலைக்குப் போய், மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வெளியே வரவழைக்கிறார்கள். அவன் வரவழைத்தவை 1,600. அவள் வரவழைத்தவை 1,800. அவனுடைய எருமைகளில் கடைசியாக வந்த எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் வெளியே வந்தான். முதல் தோடன் அவன்தான். எருமை முதலில், மனிதன் கடைசியில், அதுவும் வாலைப் பிடித்துக்கொண்டு. மலைக்கு மனிதன் எப்படி வர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை.

அதே மக்கள் இறந்தவர்களின் உலகம் மேற்கே இருக்கிறது என்கிறார்கள். அங்கே போகும் வழியில் எந்தப் பாறை, எந்த ஓடை என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள். ஒவ்வொரு மந்துக்கும், அதாவது தோடர் குடியிருப்புக்கும், தன் சோலை, தன் நீர், தன் புல்வெளி. மலையில் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்ற சட்டம் அவர்கள் வழிபாட்டுக்குள் இருக்கிறது. படகர்கள் தங்கள் தெய்வமான ஹெத்தையின் திருவிழாவுக்கு மார்கழியில் பேரகணிக்கு ஊர் ஊராக வெள்ளை உடுத்திக் கால்நடையாகவே போகிறார்கள். இந்த மக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சீசனில் எந்தச் சாலையை எத்தனை நாள் மூட வேண்டும் என்று கேட்டிருந்தால் ஐஐடிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மலை தாங்கும் அளவு என்ன என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

காரை நிறுத்தினால் சுற்றுலா செத்துவிடும் என்கிறார்கள் விடுதி உரிமையாளர்கள். 24,000 பேர் பேருந்தில் வந்தாலும் 24,000 பேர்தான்; அவர்களுக்கும் பசிக்கும், அவர்களும் வர்க்கி வாங்குவார்கள். விருப்பமான இடத்துக்குப் போகும் உரிமை என்கிறார்கள் சிலர். போகும் உரிமையை யாரும் மறுக்கவில்லை, காருக்கு ஐந்து மீட்டர் சாலையை அடைக்கும் உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை. முதியவர்கள், குழந்தைகள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறார்கள். மலையில் பிறந்த முதியவர்களும் குழந்தைகளும் வருடம் முழுவதும் பேருந்தில்தான் போய் வருகிறார்கள். ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை 2025இல் திறந்தார்கள். குன்னூர்ச் சாலையில் கார்கள் நகராமல் நிற்கும் சனிக்கிழமை மாலையில் ஆம்புலன்ஸ் அந்த வாசலுக்கு எப்படி வந்து சேரும் என்பதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.

ரயிலையும் சொல்லியாக வேண்டும். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் வைத்து ரயிலை ஏற்றினார்கள்; 1908இல் அதை ஊட்டிக்கும் நீட்டினார்கள். 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைப்பாதைகள். 2005இல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தது. அதன் பிறகு அதை அலங்காரப் பொருளாக்கிவிட்டோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை காலையில் ஒரே வண்டி. பயணச்சீட்டு வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடுகிறது. அந்தப் பாதையில் பெரும் கூட்டத்தை ஏற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் பல்சக்கரப் பாதை இல்லை, டீசல் எஞ்சினே ஓடுகிறது. அங்கே மணிக்கு ஒரு வண்டி விட என்ன தடை?

என் கோரிக்கை இதுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளியூர்த் தனியார் கார் ஒன்றுகூட மலையேறக் கூடாது. 6,000 அல்ல, பூஜ்யம். மேட்டுப்பாளையத்தில் பெரிய நிறுத்துமிடம் அமையுங்கள். குன்னூர் வழி ஏற, கோத்தகிரி வழி இறங்க என்று சீசனில் இப்போதே ஒருவழி ஏற்பாடு இருக்கிறது. அதே சுற்றில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பேருந்து விடுங்கள். கேரளம், கர்நாடகத்திலிருந்து வருபவர்களுக்குக் கூடலூரில் இதையே செய்யுங்கள். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டில் செய்யுங்கள். மலைவாழ் மக்களின் வண்டிகளுக்கும் விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் இப்போதுள்ள விலக்கு தொடரட்டும். மூன்றே சீசனில் மலை மாறிவிடும். இறங்கிப் போனவர்களில் சிலர் திரும்பி ஏறவும் கூடும்.

அதுவரை, கோடையில் போக நினைப்பவர்களுக்கு என் பங்குக்குச் சில பயணக் குறிப்புகள். தண்ணீருக்கு எவர்சில்வர் குப்பி எடுத்துச் செல்லுங்கள். பர்லியாறு பக்கம் பலா பழுக்கும் காலத்தில் யானைகள் பாதைக்கு வரும். கைபேசியைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள். மந்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள். காரில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் வண்டி தீய்ந்த வாடையோடு கொண்டை ஊசி வளைவில் நிற்பதைக் கோத்தகிரிப் பாதையில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். மற்றவர்கள் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஏறி உட்காருங்கள். அரசுப் பேருந்தில் போக இ-பாஸ் தேவையில்லை.